மொய் நோட்டு இல்லாத விருந்து

பிரிட்டனின் தேசப் படத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே ஸ்காட்லாந்து முடிந்த பிறகு கடல்தான். ஆனால் பல படங்களில் ஒரு மூலையில் சின்னதாய்க் கட்டம் போட்டு, அதற்குள் சில தீவுகளை அடைத்திருப்பார்கள். அவைதாம் ஷெட்லாந்து தீவுகள். இருக்க வேண்டிய இடத்தில் போட்டால் படம் நீண்டுவிடும், காகிதம் வீணாகும் என்று செய்த ஏற்பாடு இது. தங்களைப் பெட்டியில் போட்டு அடைப்பது தீவு ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. வெகு காலம் முறையிட்டுக் கொண்டிருந்தார்கள். கடைசியில் 2018-ல் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு தீவுகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியபோது, சர்க்கார் வெளியிடும் படங்களில், தகுந்த காரணம் இருந்தாலொழிய, ஷெட்லாந்தை அதன் சரியான இடத்திலேயே காட்ட வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்துவிட்டது!

இந்தத் தீவுக் கூட்டத்தின் ஒரே நகரம் லெர்விக். நகரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜனத்தொகை சுமார் 7,000. தீவுகள் அத்தனையையும் கூட்டினாலும் சுமார் 23,000 தான். சுமார் 100 தீவுகள் இருந்தாலும் பதினைந்து பதினாறில்தான் மனிதர்கள் வசிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறினால், 12 மணி முதல் 14 மணி நேரம் அலைகளில் ஆடிக் குலுங்கி, மறுநாள் காலையில் லெர்விக்கில் இறங்கலாம். ஆகாய விமானமும் உண்டு. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் கிளம்பாது, காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்த கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ரசிக்கும். டென்மார்க் அரசன் தன் பெண் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசனுக்குக் கொடுத்தான். சீதனப் பணம் முழுவதும் கையில் இல்லை. ஆகவே 1469-ல் ஷெட்லாந்தை ஈடு வைத்தான். பணம் கடைசிவரை வரவில்லை. ஈடு மூழ்கிப் போயிற்று! இன்றைக்கும் அந்த ஊர்ப் பேச்சில் பழைய நார்வே மொழிச் சொற்கள் நிறையக் கலந்திருக்கின்றன. லெர்விக் என்பதற்கே 'களிமண் குடா' என்றுதான் பொருள்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். ரயில் கிடையாது. அடுத்த நகரத்துக்குப் போக ஓர் இரவுப் பிரயாணம். காற்றோ சதா வீசிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் சனி ஞாயிறு வந்தால் ஜனங்கள் எப்படிப் பொழுது போக்குவார்கள்?

வெள்ளிக்கிழமைப் பத்திரிகை

அதற்கு விடை வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் இருக்கிறது. 'ஷெட்லாந்து டைம்ஸ்' என்பது 1872-ல் ஆரம்பித்த வாரப் பத்திரிகை. வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. கோடை காலத்தில் அதைப் புரட்டினால், இந்த ஊர் ஹாலில் ஞாயிறன்று தேநீர், அந்த ஊர் ஹாலில் ஞாயிறன்று தேநீர் என்று அறிவிப்புகளைக் காணலாம். கூடவே படகுப் பந்தயம், கேக் விற்பனை, பிடில் கச்சேரி, நடனம் என்று வேறு சமாசாரங்களும் இருக்கும்.

இந்த 'ஞாயிற்றுக்கிழமைத் தேநீர்' ஷெட்லாந்துக்கே உரிய விசேஷம். தீவுகளில் கிராமத்துக்குக் கிராமம் ஒரு பொது ஹால் உண்டு. நம் ஊர்ச் சத்திரத்தையும் பஞ்சாயத்துக் கூடத்தையும் ஒன்றாகச் சேர்த்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். கல்யாணம், கூட்டம், பாட்டு, நடனம், இழவுச் சோறு எல்லாம் அங்கேதான். நிர்வாகம் செய்கிறவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க் கமிட்டிக்காரர்கள்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து சற்றுப் பொறுத்து ஹால் கதவு திறக்கிறது. வாசலில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு பணப் பெட்டி. கட்டணம் என்று வைத்திருந்தால் கட்டணம். இல்லாவிட்டால் மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். உள்ளே நீள நீளமான மேஜைகள். ஒவ்வொன்றின் மேலும் தட்டுத் தட்டாகக் கேக்குகளும் இனிப்புகளும். கடையில் வாங்கியவை அல்ல. அந்த வட்டாரத்து வீடுகளில் சுட்டுக் கொண்டுவந்தவை. 'பானக்' என்று ஒரு பண்டம் இருக்கும். பெயரைக் கேட்டு நம் ராமநவமிப் பானகம் என்று நினைத்துவிடக் கூடாது! மோரும் மாவும் பிசைந்து கல்லில் வாட்டிய கனத்த அடை அது. குளிர் அதிகமான நாளில் அதற்குத் துணையாக 'ரீஸ்டட் மட்டன்' சூப் வரும். ஆட்டிறைச்சியை உப்பு நீரில் ஊற வைத்து, அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டு உலர்த்திச் செய்வது. நம் உப்புக் கண்டத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

யாரும் தனி மேஜை கேட்க முடியாது. காலியாக இருக்கிற நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். எதிரே மீன்பிடிப் படகின் தலைவர் இருப்பார்; பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை இருப்பார்; கப்பலில் வந்து இறங்கிய வெளியூர்க்காரரும் இருப்பார். பள்ளிப் பிள்ளைகள் தட்டு எடுத்துச் செல்வார்கள். பெரியவர்கள் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கோப்பைகளை நிரப்பிக்கொண்டே போவார்கள். அதிர்ஷ்டச் சீட்டு ஒன்றும் நடக்கும். மாலையில் பெட்டியைத் திறந்து எண்ணி, எந்தக் காரியத்துக்காக அழைத்தார்களோ அந்தக் காரியத்துக்கு அனுப்பி வைப்பார்கள். ஒரு வாரம் ஹாலின் கூரைக்கு. ஒரு வாரம் புற்று நோய் ஆராய்ச்சிக்கு. ஒரு வாரம் பள்ளிப் பிள்ளைகளின் பிரயாணத்துக்கு. ஒரு வாரம் உயிர் காக்கும் படகுக்கு.

மொய்யும் இதுவும்

'இது நம் மொய் விருந்துதானே!' என்று புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்கள் சொல்லக்கூடும். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பது பிரசித்தம். விருந்து போடுகிறார்கள், வந்தவர்கள் பணம் வைக்கிறார்கள், யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வட்டிக்காரனிடம் போகாமல் ஊரே ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துக் கொள்ளும் அருமையான ஏற்பாடு அது.

லெர்விக்கிலும் விருந்து உண்டு, பணம் உண்டு. நோட்டு மட்டும் இல்லை. யார் எவ்வளவு போட்டார் என்று எழுதுவாரும் இல்லை. திருப்பித் தர வேண்டிய பெயரும் இல்லை. போன வாரம் தேநீர் குடித்தவர் இந்த வாரம் கேக் சுடுகிறார். இந்த வாரம் கோப்பை கழுவியவர் அடுத்த வாரம் விருந்தாளி. கணக்குப் பார்த்தால் அதே சில ஆயிரம் ஜனங்களின் பணந்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனாலும் அந்தச் சுற்றில் அது வேறு ஏதோ ஒன்றாக மாறிவிடுகிறது. எப்படி என்று இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

பென் டோரன்

1930-ம் ஆண்டு மார்ச்சு மாதம். 'பென் டோரன்' என்ற மீன்பிடிக் கப்பல் ஷெட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் வே ஸ்கெரிஸ் என்ற பாறைக் கூட்டத்தில் மோதிச் சிக்கிக்கொண்டது. கப்பலில் ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் படகை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். கொந்தளிக்கும் கடலில் பாறையை நெருங்கவே முடியவில்லை. அப்போது ஷெட்லாந்தில் உயிர் காக்கும் படகு ஒன்றுகூடக் கிடையாது. தெற்கே ஆர்க்னித் தீவிலுள்ள ஸ்ட்ரோம்னஸிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. அது வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. கப்பலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1930-லேயே லெர்விக்கிலும், 1933-ல் மேற்குக் கரையில் எய்த் என்ற ஊரிலும் உயிர் காக்கும் படகு நிலையங்கள் ஏற்பட்டன. பிரிட்டனில் இந்தப் படகுகளைச் சர்க்கார் நடத்தவில்லை. ஜனங்கள் தரும் நன்கொடையில் நடக்கும் தர்ம ஸ்தாபனம் நடத்துகிறது. புயலில் கடலுக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் வேறு தொழில் பார்க்கும் உள்ளூர்த் தொண்டர்கள். ஆகையால் உயிர் காக்கும் படகுக்கு என்று ஹால் வாசலில் எழுதியிருந்தால், அது ஷெட்லாந்துக்காரருக்கு வெறும் தர்மம் அல்ல. தம் தகப்பனும் தமையனும் தம்பியும் போகிற கடல் அது. பெட்டியில் விழும் ஒவ்வொரு நாணயமும் அவர்கள் வீடு திரும்புவதற்கான பிரயாணச் செலவு.

கேக் வாங்கித் தந்த யந்திரம்

இரண்டாவது உதாரணம் நம் காலத்தது. லெர்விக்கில் கில்பர்ட் பெயின் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் மூளையையும் முதுகெலும்பையும் மூட்டுகளையும் காந்த சக்தியால் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரம் முன்பு அங்கே இருக்கவில்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் அபர்டீனுக்குத்தான் போகவேண்டியிருந்தது. முதுகு வலிக்காரர் ஓர் இரவு முழுவதும் கப்பலில் குலுங்கிப் போய், அரை மணி நேரம் யந்திரத்துக்குள் படுத்துவிட்டு, மறுபடி ஓர் இரவு குலுங்கித் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் போகலாமென்றால் மூடுபனி.

'நமக்கு நாமே வாங்கிக் கொள்வோம்' என்று தீவு ஜனங்கள் தீர்மானித்தார்கள். விலையோ பத்து லட்சம் பவுனுக்கும் மேலே. 23,000 பேர் வாழும் இடத்தில் அது என்ன தொகை என்று யோசியுங்கள். பால் குடிக்கும் குழந்தை முதல் படுத்த படுக்கையாய் இருக்கும் கிழவர் வரை தலைக்கு நாற்பது பவுனுக்கு மேல் விழும். தேநீர், கேக் விற்பனை, கம்பளி பின்னல், ஓட்டம், நடை என்று தொடங்கினார்கள். பெரிய நன்கொடைகளும் சேர்ந்தன. கொரோனாக் காலத்தை ஒட்டிய வருஷங்களில் பணம் சேர்ந்துவிட்டது. யந்திரமும் லெர்விக்குக்கு வந்து சேர்ந்தது. இன்று முதுகு வலிக்காரர் படம் எடுத்துக் கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

'ஷெட்லாந்தில்தான் எண்ணெய்ப் பணம் கொழிக்கிறதே, அப்புறம் ஏன் கேக் விற்க வேண்டும்?' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட கடலில் எடுத்த எண்ணெய் 1978 முதல் சல்லம் வோ என்ற இடத்தில் வந்து இறங்கியது. அதற்கு முன்பே, 1974-ல், தீவின் கவுன்சில் தனக்கென்று ஒரு விசேஷச் சட்டம் வாங்கி, எண்ணெய்க் கம்பெனிகளிடமிருந்து தீவுக்கு ஒரு பங்கு கிடைக்க வழி செய்துகொண்டது. அந்தப் பணத்தில் நீச்சல் குளங்களும் விளையாட்டுக் கூடங்களும் வந்தன. ஹால்களுக்கும் உதவி கிடைத்தது. ஆனால் எண்ணெய்ப் பணத்தால் சுவரைத்தான் கட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்குள் ஜனங்களை உட்கார வைக்க முடியாது. அதை ஒரு தட்டுக் கேக்குதான் செய்கிறது.

சனிக்கிழமைப் படகுகள்

ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு என்றால், கோடையின் சனிக்கிழமை படகுக்கு. ஜூன் மாதத்தில் அங்கே இரவு முழுவதும் இருட்டுவதே இல்லை. சூரியன் மறைந்தும் வானத்தில் அந்தி வெளிச்சம் நின்றுகொண்டே இருக்கும். அதற்கு 'சிம்மர் டிம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் கடலோரக் கிராமங்கள் ஆளுக்கொரு சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு பந்தயம் நடத்துகின்றன. பாய்மரப் படகுகள் ஒரு பக்கம். 'யோல்' என்னும் துடுப்புப் படகுகள் மறு பக்கம். யோலில் ஆறு பேர் துடுப்பு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித் தனிக் கோஷ்டிகள் உண்டு. கரையில் ஹால் திறந்திருக்கும்; உள்ளே வழக்கம்போல் சூப்பும் பானக்கும்!

விளையாட்டாகத் தோன்றுகிற இந்தத் துடுப்புக்குப் பின்னால் ஒரு வேதனையும் இருக்கிறது. ஒரு காலத்தில் 'சிக்ஸரீன்' என்ற ஆறு துடுப்புப் படகில், மேல் தளம்கூட இல்லாமல், நடுக்கடல்வரை போய் மீன் பிடித்தார்கள். 1881 ஜூலை 20-ம் தேதி திடீரென்று எழுந்த புயலில் 10 படகுகள் போய்விட்டன. 58 பேர் இறந்தார்கள். யெல் தீவின் வட கரையில் குளூப் என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி நிற்கும் பெண்ணின் சிலை அது. பந்தயத்தில் துடுப்புப் போடும் பிள்ளைகளின் முப்பாட்டனார்கள் பரிசுக்காகத் துடுப்புப் போட்டவர்கள் அல்லர்.

தீப்பந்தமும் பெண்களும்

குளிர் காலத்தில் பகல் ஆறு மணி நேரம்கூட இராது. அப்போது வரும் திருவிழாதான் 'அப் ஹெலி ஆ'. லெர்விக்கில் ஜனவரி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நூற்றுக்கணக்கானவர்கள் வேஷம் போட்டுத் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போய், பல மாதம் உழைத்துச் செய்த மரக் கப்பலுக்குத் தீ வைத்துவிடுவார்கள். பிறகு கோஷ்டி கோஷ்டியாய் ஹால் ஹாலாகப் போய் விடிய விடிய ஆட்டம், பாட்டு, நையாண்டி. மறுநாள் விடுமுறை, இல்லாவிட்டால் யார் கண் விழிப்பது? மற்ற ஊர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஜனவரியில் தொடங்கி மார்ச்சு வரைக்கும் வாரக் கடைசி என்றால் எங்காவது ஒரு மூலையில் ஒரு கப்பல் எரிந்துகொண்டிருக்கும்.

இதில் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். லெர்விக் ஊர்வலத்தில் வெகு காலமாக ஆண்கள் மட்டுமே போனார்கள். ஹாலைத் திறந்து வைத்து, சூப்புக் காய்ச்சி, வந்தவர்களை உபசரித்து, விடியும்வரை கால் கடுக்க நின்றவர்கள் பெண்கள். கிராமங்களில் முன்பே பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். தெற்கு மெயின்லாந்து விழாவில் 2015-ல் தலைமை வேஷத்தையே ஒரு பெண் ஏற்றார். லெர்விக்கில் மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. பலத்த வாக்குவாதங்களுக்குப் பிறகு 2022-ல் விலக்கினார்கள். 2023 ஜனவரி ஊர்வலம் முதல் பெண்களுக்கும் இடம் உண்டு.

ஷெட்லாந்துப் பெண்களின் உழைப்பு பழைய கதை. முதுகில் எரிகரிக் கூடையைச் சுமந்து நடக்கும்போதுகூட அவர்கள் கை கம்பளி பின்னிக்கொண்டிருக்கும். பின்னியதைக் கடையில் கொடுத்தால் காசு கிடைக்காது. துணியும் தேயிலையுமாகப் பண்டம்தான் கிடைக்கும். இந்த அநியாயத்தை விசாரிக்க 1872-ல் ஒரு கமிஷனே வந்தது. விசாரணை ஏடுகளில் அந்தப் பெண்களின் வாக்குமூலங்கள் இன்றும் இருக்கின்றன. அன்றைக்குக் கூலிக்குப் பதிலாக அவர்கள் கையில் திணிக்கப்பட்ட தேயிலை, இன்று அவர்களின் பேத்திகள் கையில் ஆஸ்பத்திரிக்கு யந்திரம் வாங்குகிறது! பின்னலும் நிற்கவில்லை. ஓய்ந்த நேரத்தில் கூடி உட்கார்ந்து 'மாக்கின் அண்டு யாக்கின்' செய்கிறார்கள். பின்னலும் பேச்சும் என்று அர்த்தம். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை. எந்த ஊர்த் திண்ணையிலும் பார்க்கக்கூடியதுதானே?

எல்லாம் சரிதான், ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. நோட்டு இல்லாத கடனை யாரும் கட்டாயப்படுத்தி வசூலிக்க முடியாது. நாளைக்கு ஒரு வீட்டில் மாவு பிசைவதை நிறுத்திவிட்டால் எந்தக் கோர்ட்டுக்கும் போக இயலாது. படிப்புக்காகவும் வேலைக்காகவும் பிள்ளைகள் பெரிய ஊர்களுக்குப் போய்விடுகிற தீவில், அடுத்த கேக்கை யார் சுடுவது என்பது விளையாட்டுக் கேள்வி அல்ல. அதனால்தான் தட்டு எடுத்துப் போகும் வேலையைச் சிறுவர் சிறுமியரிடம் கொடுத்துப் பழக்குகிறார்கள் போலும்.

நம் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அடுப்பும் மாவும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் குறைகிறது என்றோ, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்றோ அடுத்த முறை பேச்சு எழுந்தால், யாருக்கு மனுக் கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன், எத்தனை வீட்டில் அடை சுடத் தெரியும் என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கலாம். மனுவையும் கொடுக்கலாம், அதற்குள் அடுப்பையும் பற்ற வைக்கலாம்.